அந்தக் கப்பல் அங்கே இல்லை

கண்ணு,

காலையில் நீயும் அப்பாவும் சேலத்துக்குக் கிளம்பும்போது, "ஷூவை நடந்து பாத்து வாங்குடா, அவசரத்துல கடிக்கிறதை வாங்கிட்டு வந்துராதே" என்று நான் வாசலில் நின்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே, "சரிங்ம்மா, கடிச்சா நானும் திருப்பிக் கடிச்சுக்கறேன்" என்றாய். வண்டி முனை திரும்பும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அதற்குப் பிறகு உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இந்தத் தாளை எடுத்தேன். நீங்கள் திரும்பி வர மதியம் ஒரு மணி ஆகும். சேலம் ஜங்ஷனில் உன் ரயில் சாயங்காலம் ஆறரைக்கு. சென்னையிலிருந்து விமானம். வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நீ என்ஜின் வேலைக்குக் கப்பல் ஏறிவிடுவாய். ஏறினால் ஒன்பது மாதம், நடுவில் நினைத்தபோது இறங்க முடியாது என்று நீதான் சொன்னாய்.

முதலில் இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் வைக்கத்தான் நினைத்தேன். துணிக்கு அடியில், புளிக்காய்ச்சல் பாட்டிலுக்குப் பக்கத்தில். கப்பலுக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது உன் கண்ணில் படும், அதற்குள் கரை தூரமாகியிருக்கும், நானும் சொல்லிவிட்டேன் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கவர்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, இத்தனை வருஷமாக நான் செய்துவருகிற அதே வேலைதான் இதுவும் என்று. அதனால் உன் கையிலேயே தரப்போகிறேன். எட்டு நாளைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எட்டு நாள் விஷயம் அப்பாவின் உடம்பைப் பற்றியது. பயந்து அந்தப் பக்கத்துக்குத் தாவிவிடாதே, வரிசையாகவே படி. பழையதைச் சொல்லி முடித்தால்தான் புதியதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரும்.

நீ எட்டாவது படிக்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் வந்தது நினைவிருக்கிறதா? சேலத்தில் யாரோ கழித்துவிட்டதை அப்பா வாங்கி, கிணறு துளைக்கும் தன் போர்வெல் ரிக்கின் கம்ப்ரசர் லாரியில் போர்வை சுற்றி, தானே மடியில் அணைத்துக்கொண்டு வந்து இறக்கினார். முன்னால் வைத்திருந்தவர்கள் அதில் ஒரு விளையாட்டை விட்டுவைத்திருந்தார்கள். அப்போதே அது பழைய விளையாட்டு. உன்னோடு படித்த பையன்கள் வந்து பார்த்துவிட்டு, "இது என்னடா, கோலம் போட்ட மாதிரி இருக்குது" என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். கறுப்புத் திரை, வெள்ளைப் புள்ளியாக நட்சத்திரங்கள், நடுவில் கோடுகளால் ஆன ஒரு சின்ன விண்கப்பல். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். தாவுவதற்கு எரிபொருள் கணக்கு உண்டு. போகிற வழியில் கொள்ளைக்காரக் கப்பல்கள் வந்து சுடும். அடிபட்டால் கவசம் குறையும், கவசம் தீர்ந்தால் கப்பல் வெடிக்கும். அதற்கு என்னவோ ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது. நம் வீட்டில் அது வெறும் கப்பல். "கப்பல் ஓட்டலாமா?" என்றால் அதுதான்.

உனக்குப் புது நட்சத்திரம் பார்க்கிற ஆசை, அப்பாவுக்குச் சண்டை ஆசை. தீபாவளி மழைக்கு ரிக் வண்டி ஊர் திரும்பி நிற்கும் அந்த ஒரு மாதம் முழுக்க உங்கள் இருவருக்கும் அந்த நாற்காலியில்தான் தகராறு. எதிரிக் கப்பல் ஒன்று தெரிந்தால் போதும், நீ வளைத்துக்கொண்டு ஓடப் பார்ப்பாய். அவர் எழுந்து நின்றுகொள்வார்.

"ஓடறியா? ஏன்டா சாமி ஓடற? வண்டியத் திருப்பு!"

"அப்பா, அவங்க மூணு பேருங்ப்பா."

"மூணு பேருன்னா என்ன, வரிசையா வரச் சொல்லு!"

"கம்முனு இருங்ப்பா, இது ரிக் வண்டி இல்லை."

"அதான் தெரியுதே. ரிக் வண்டியா இருந்தா அவனுக மேல ஏத்தியிருப்பேன்."

நான் அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் செத்துட்டீங்களா, சாப்பிட வாரீங்களா?" என்பேன். பெரும்பாலும் செத்திருப்பீர்கள்.

மற்ற மாதங்களில் அப்பா ஆந்திராவிலோ கர்நாடகாவிலோ சத்தீஸ்கரிலோ யாருடைய வயலிலோ துளை போட்டுக்கொண்டிருப்பார். தினமும் இருட்டும் நேரத்துக்குப் போன் வரும். என்னிடம் ரெண்டு வார்த்தை. அப்புறம், "பையங்கிட்டக் குடு." நீ அன்று எந்த நட்சத்திரத்துக்குப் போனாய் என்று சொல்வாய், அவர் அன்று எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் பார்த்தார் என்று சொல்வார். அந்த நட்சத்திரங்களுக்கு வெறும் எண்தான் இருந்தது. அன்றைக்கு அப்பாவின் வண்டி எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரின் பெயரை அன்று கண்டுபிடித்த நட்சத்திரத்துக்கு வைப்பது உன் வழக்கம். கோடு போடாத இருநூறு பக்க நோட்டில் எழுதி வைத்தாய். ராய்ச்சூர், இரண்டு தாவல், எரிபொருள் கிடைக்கும், கொள்ளைக்காரர் உண்டு. அனந்தப்பூர், ஒன்றும் இல்லை, வெறும் பாறை. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இங்கயும் அதே கதைதான் சாமி, எண்ணூறு அடி போயும் புழுதிதான் வருது" என்று சிரித்தார். சிரிப்போடு இருமினார். அது எந்த வருஷம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அப்போதே இருமினார், கண்ணு.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு விண்வெளி நிலையம். அதற்கு அந்தப் பக்கம் படத்தில் ஒன்றுமே கிடையாது, இருட்டுதான். மூன்று வருஷம் ஓட்டி நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த அன்று அப்பா வீட்டில் இருந்தார். அதனால் அந்த நிலையத்துக்கு நம் வீட்டுப் பெயரையே, "ஊடு" என்று வைத்தாய். கப்பலை அதற்குள் நிறுத்திவிட்டு இருவரும் கை தட்டிக்கொண்டீர்கள். அப்பா என்னை இழுத்துவந்து திரையைக் காட்டி, "பாரு, என்ற மகன் எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கான் பாரு" என்றார். எனக்கு ஒரு சக்கரம் சுற்றுவதுதான் தெரிந்தது. நல்லாருக்குது என்று சொல்லிவிட்டுத் தோசை தீய்கிறதென்று ஓடினேன்.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வந்த முதல் வருஷம். கவசம் குறைந்தால் அந்த விளையாட்டில் ஒரு அபாயச் சத்தம் வருமே, கூர்மையாக, விட்டு விட்டு. அதை என்னால் தாங்கவே முடிந்ததில்லை. நான் எடப்பாடியில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள். எட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் தூங்கி, பரீட்சைக்குப் படித்து, பட்டம் வாங்கியவள். சத்தம் எனக்குப் பழக்கம். ஆனால் எங்கேயோ என்னவோ தப்பாகிவிட்டது என்று சொல்கிற சத்தம் வேறு. போன் நேரம் தவறி அடித்தால், ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பினால், எனக்கு முதலில் தோன்றுவது அதை யாராவது நிறுத்துங்களேன் என்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "அந்தக் கருமத்தை நிறுத்திட்டு விளையாடுங்க, இல்லாட்டி நான் பிளக்கைப் பிடுங்கிருவேன்" என்று கத்தினேன். நீ ஸ்பீக்கர் வயரைக் கழற்றினாய். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குரல், "அடச்சே!" கப்பல் வெடித்துவிட்டது. சண்டை மும்முரத்தில் கவசம் தீர்ந்ததை இருவருமே பார்க்கவில்லை. ஒரு வார ஓட்டம் வீண். நான் எட்டிப் பார்த்து, "இப்பவாவது நிம்மதியா இருக்குதா பாரு" என்றேன். பதின்மூன்று வயசுப் பையன் நீ, கோபமே இல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னாய்: "சத்தம் இல்லைன்னா அடி படலைன்னு அர்த்தம் இல்லீங்ம்மா."

நான் அதைச் சிரிப்பாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பையன் பேசுகிற பேச்சைப் பாருங்கள் என்று.

இப்போது பன்னிரண்டாவதுக்கு வருகிறேன். அந்த வருஷம் நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றின் வாசலிலும் தாய்மார்கள் எப்படி நின்றோம் என்று உனக்குத் தெரியாது. நீங்கள் உள்ளே தேர்வு எழுதிக்கொண்டிருப்பீர்கள், நாங்கள் வெளியே ஒருவர் முகத்தில் இன்னொருவர் மகனின் மார்க்கைத் தேடிக்கொண்டிருப்போம். ஒருத்தி டிவியை விற்றுவிட்டேன் என்பாள். ஒருத்தி மகன் முடிக்கும்வரை தானும் படுக்கையில் படுப்பதில்லை, தரைதான் என்பாள். அரையாண்டில் உன் மார்க் இறங்கியதும் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, "பையன் கண்ணு செவந்திருக்குதுங்க, வூட்ல என்ன பண்றான்னு பாருங்க" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

வேறு அம்மாவாக இருந்தால் கம்ப்யூட்டரை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருப்பாள், நீ சண்டை போட்டிருப்பாய், பரீட்சை முடிந்ததும் இறக்கிவைத்திருப்பாள். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் படிப்பை எதற்கும் உபயோகித்ததில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உபயோகித்தேன். நீ தனி வகுப்புக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், அந்த விளையாட்டு தன் நினைவை எந்த ஃபைலில் வைத்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு ஃபைல். நாலு வருஷ ஓட்டம் அதற்குள் இருந்தது. அழித்தேன். அழித்ததை மீட்டெடுக்க முடியும் என்றும் எனக்குத் தெரியும். அதனால் உன் மாமாவின் கல்யாண வீடியோவை ஹார்ட் டிஸ்க் நிறையும்வரை திரும்பத் திரும்பக் காப்பி செய்து கொட்டினேன். மேடையில் நின்று உன் மாமா சிரித்துக்கொண்டே இருந்தார், நான் அழித்துக்கொண்டே இருந்தேன். நீ வந்ததும் வைரஸ் வந்துவிட்டது என்றேன். ரெண்டு நாளில் உன்னை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டேன்.

வைரஸ் இல்லை, கண்ணு. நான்தான்.

நீ நம்பினாய். அம்மா படித்தவள், அவளுக்குத் தெரியும் என்று நம்பினாய். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திரையை அணைத்தாய். பிறகு, "அப்பாகிட்டச் சொல்லாதீங்ம்மா, அவருக்கு நெம்பக் கஷ்டமாயிரும்" என்றாய். அன்று இருட்டும் நேரம் போன் வந்தது. "பரீட்சை முடியற வரைக்கும் கப்பலை ஊட்லயே நிறுத்தி வெச்சிருக்கேன்ப்பா, பத்திரமா நிக்குது" என்று நீ சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதற்கப்புறம் பரீட்சை, கல்லூரி, வேலைக்கு அலைச்சல். எப்போது அவர் கேட்டாலும் நீ அதையேதான் சொன்னாய். பொய் சொல்ல உனக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பையன் நீ. கற்றுத்தந்தது நான்.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. அந்த நோட்டைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடச் சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாயே, நான் போடவில்லை. என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நீ கல்லூரிக்குப் போன முதல் மாதம், வீட்டில் யாருமில்லாத ஒரு மத்தியானம், அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முதல் நட்சத்திரத்திலிருந்து நானே கப்பல் ஓட்ட ஆரம்பித்தேன். உன் கப்பலை நான் திருப்பித் தர முடியாது. அதே இடத்தில் வேறொரு கப்பலையாவது கொண்டுபோய் நிறுத்திவிடலாம், பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு கிறுக்குப் புத்தி. சிரிக்காதே. முதல் நிலையத்துக்குள் கப்பலை நுழைக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. சுவரில் மோதி மோதிச் செத்தேன். காய்க்காரர் வாசலில் நின்று கூப்பிடுவார், நான் உள்ளே ராய்ச்சூர் பக்கத்தில் கொள்ளைக்காரனிடமிருந்து ஓடிக்கொண்டிருப்பேன். அப்பா மாதிரி சண்டை போட எனக்கு வராது. யாரைக் கண்டாலும் ஓட்டம்தான். அப்படியே ஐந்து வருஷம் ஓடி, இப்போது கடைசிப் பக்கத்துக்கு இரண்டு தாவல் தூரத்தில் நிற்கிறேன். எரிபொருள் ஒரு தாவலுக்குத்தான் இருக்கிறது. நாலு வருஷத்தை ஒரு சாயங்காலத்தில் அழித்ததன் எடை என்னவென்று ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போதுகூட, கண்ணு, ஸ்பீக்கர் வயரைச் சொருகாமல்தான் ஓட்டினேன்.

இனி அப்பாவின் விஷயம்.

ரெண்டு வருஷமாக அவர் விடாமல் இருமுகிறார். உனக்கும் தெரியும், விடுமுறையில் வரும்போதெல்லாம் கேட்பாய், "புழுதி சாமி, ரிக்குக்காரனுக்கு இது பவுடர் பூசற மாதிரி" என்று சிரித்து மழுப்புவார். ராத்திரி அந்த இருமல் வரும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மிளகு போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன், திரும்பிப் படுத்துக்கொண்டேன். பகலில் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டினேன். டாக்டரிடம் போகலாம் என்று நான் ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை. போனால் என்ன சொல்வார்களோ என்ற பயம். பத்து நாளைக்கு முன்னால் காலையில் கைக்குட்டையில் ரத்தம் பார்த்தேன். பார்த்ததைக் காதில் விழாத மாதிரி நிறுத்திவிட முடியாது.

போன வாரம், நீ மெடிக்கல் டெஸ்டுக்கும் பாஸ்போர்ட் வேலைக்கும் சென்னை போயிருந்தாயே, அன்றைக்குச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண், உன்னைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு, "புழுதி வேலைங்களா?" என்று கேட்டார். "முப்பது வருசமா போர்வெல்லுங்க" என்றார் அப்பா. நுரையீரலில் பாறைத் தூள் படிந்து தழும்பு கட்டியிருக்கிறது, அது போகாது, மருந்தில் சமாளிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதற்குள் ஓரிடத்தில் கட்டி மாதிரி ஒரு நிழல் தெரிகிறது, அது என்னவென்று ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். வருகிற புதன்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாமாம். ஒன்றுமில்லாமலும் போகலாம், பெரிதாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். இதுவரை தெரிந்தது இவ்வளவுதான். இதில் நான் எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. காகிதமெல்லாம் பீரோவில் மஞ்சள் பையில் இருக்கிறது, நீயே எடுத்துப் பார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அப்பா சாவியைப் போடவில்லை.

"பையனுக்குத் தெரியக் கூடாது."

"ஏனுங்க, அவன் கேப்பானுங்க."

"கேட்டா புழுதின்னு சொல்லு. அவன் இந்த வேலைக்குப் பதினோரு மாசமா காத்திருக்கான். இப்ப ஏறலைன்னா மறுபடியும் எப்பக் கூப்புடுவாங்கன்னு யாரு கண்டா? கப்பல் ஏறட்டும், பொறவு சொல்லிக்கலாம்."

"பொறவு சொன்னா அவன் நடுக்கடல்ல இருப்பானுங்க."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் என் கையைப் பிடித்து, பர்ஸிலிருந்து உன் போட்டோவை எடுத்து அதன் மேல் வைத்தார். "அவன் தலை மேல சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

நான் படித்தவள். கையை ஒரு காகிதப் படத்தின் மேல் வைத்துச் சொன்ன வார்த்தைக்கும் கடலில் போகும் ஒரு கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மகன் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை, அவன் கடலுக்குப் போகிற அன்றைக்கே உடைக்கிறேன் என்று நினைத்தால் பேனா ஓட மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன். சத்தியத்தைக் காப்பாற்றினால் உன்னை ஏமாற்றுகிறேன், உன்னை ஏமாற்றாமல் இருந்தால் சத்தியம் உன் மேல் விழுமோ என்று பதறுகிறேன். எட்டு நாளாக இதுதான் எனக்குச் சாப்பாடு.

நேற்று மட்டும் அது நடக்காமல் இருந்திருந்தால் நான் பேசாமலேகூட இருந்திருப்பேன். சாப்பிட்டு முடித்து நீ பெட்டியை எடை பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா கம்ப்யூட்டருக்கு முன்னால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, "சாமி, நம்ம கப்பலு ஊட்லதான நிக்குது? போறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துரலாமா?" என்றார். நீ நிமிராமல், "பத்திரமா நிக்குதுங்ப்பா. நான் வந்ததும் காட்டறேன்" என்றாய். அவர் சரி என்றார். "வந்தே காட்டு, அவசரமில்லை" என்றார். அவருக்குத் தெரியாததை நீ மறைத்தாய், உனக்குத் தெரியாததை அவர் மறைத்தார். அவரைக் காப்பாற்ற நீயும் உன்னைக் காப்பாற்ற அவரும் எவ்வளவு அழகாகச் சிரித்துக்கொண்டீர்கள்! நடுவில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டும் தெரிந்தவளாக நான் ஒருத்தி நின்றேன். இந்த வீட்டில் எல்லா வயரையும் கழற்றி வைத்திருப்பது நான்தான்.

நீ கல்லூரியில் சேர்ந்த புதிதில் என்ஜின் அறையைப் பற்றிச் சொன்னாய். அலாரம் அடித்தால் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தலாம், ஆனால் நிறுத்திவிட்டுப் போய்விடக் கூடாது, எதற்கு அடித்தது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் உட்கார வேண்டும், முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாய். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நீ பதின்மூன்று வயசிலேயே சொன்னாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் அம்மாவாகச் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கப்பலிலோ கரையிலோ யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால் இன்னொரு தடவை கேள். மூன்றாவது தடவையும் கேள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உனக்குப் பிடித்தவர்களின் நல்லதுக்காக என்று ஒரு பொய் நாக்கில் வந்து நின்றால், அது உண்மையிலேயே அவர்கள் நல்லதுக்கா, உன் காதில் அபாயச் சத்தம் விழாமல் இருப்பதற்கா என்று பார். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான். நாளை உனக்கு ஒரு பெண் வருவாள், பிள்ளைகள் வரும். அவர்கள் சேர்த்து வைத்த ஒன்றை, அது உனக்கு எவ்வளவு உபயோகமில்லாததாகத் தெரிந்தாலும், அவர்களைக் கேட்காமல் தொடாதே. இருமல் வந்தால் மிளகுப் பாலோடு நிறுத்திக்கொள்ளாதே.

போ என்று எழுதுவதா, இரு என்று எழுதுவதா? காலையிலிருந்து நிமிஷத்துக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தச் சதைப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்து, நீ பதினோரு மாதம் காத்திருந்து கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அப்பா என்னை மன்னிக்கவே மாட்டார். வேறு மாதிரி வந்து, நீ நடுக்கடலில் இருந்தால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். எது நடந்தாலும் ஒருவருடைய மன்னிப்பை நான் இழக்கத்தான் வேண்டும். அதனால் தீர்மானிக்கும் வேலையை நான் செய்யப்போவதில்லை. உன் விஷயத்தில் நான் தனியாகத் தீர்மானித்ததெல்லாம் எப்படி முடிந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். நீ போனால் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் அவரோடு போவேன், என்ன சொன்னாலும் சொன்னபடியே உனக்கு அனுப்புவேன், நல்லதோ கெட்டதோ அன்றைக்கே. நீ இருந்தால் மூன்று பேருமாகப் போவோம். எதுவானாலும் தெரிந்து செய்.

மணி பன்னிரண்டே கால். நீங்கள் கிளம்பிவிட்டதாக இப்போதுதான் போன் செய்தாய். ஷூ கடிக்கவில்லையாம், பின்னால் அப்பா இருமுவது கேட்டது. நீ, "அப்பாவுக்கு ஏங்ம்மா இந்த இருமல் நிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாய். புழுதி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன், கண்ணு. பழக்கம். சொல்லவில்லை. "வா, சொல்றேன்" என்றேன்.

வந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன், மாடிக்குப் போய்ப் படி. நீ படித்துக்கொண்டிருக்கும்போது கீழே நான் அப்பாவிடம் சொல்லிவிடுவேன், கப்பல் அங்கே இல்லை என்பதையும், அழித்தது யார் என்பதையும், சத்தியத்தை உடைத்துவிட்டேன் என்பதையும். அவர் கத்துவார். கேட்டால் இறங்கி ஓடி வந்துவிடாதே, முழுசாகப் படித்துவிட்டு வா. பெட்டி கட்டினபடியே கதவோரம் இருக்கட்டும். ரயிலுக்கு நேரமிருக்கிறது.

கம்ப்யூட்டரைப் போட்டு வைத்திருக்கிறேன். என் கப்பல் கடைசிப் பக்கத்துக்கு இரண்டு தாவல் தூரத்தில் நிற்கிறது, பக்கத்தில் கொள்ளைக்காரர்கள் சுற்றுகிறார்கள், எரிபொருள் போதாது. மூன்று பேரும் அதன் முன்னால் உட்காரலாம். ஸ்பீக்கர் வயரைச் சொருகிவிட்டேன். சத்தம் வரும்.

அம்மா